கூட்டுப் பணியிடங்களில் சமூகத்தின் பங்கு: ஒரு வரலாறு

கூட்டுப் பணியிடம் என்பது தனியாகத் தொழில் செய்பவர்களும் வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்களும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து, மேசை, இணைய இணைப்பு, கூட்ட அறை, சமையலறை போன்றவற்றைப் பகிர்ந்துகொண்டு, அவரவர் வேலையைச் செய்யும் இடமாகும். ஆங்கிலத்தில் இது கோவொர்க்கிங் எனப்படுகிறது. பெருநகர அலுவலக வாடகைத் தொழிலின் ஒரு கிளையாகவே இன்று இது பலருக்கும் அறிமுகமாகியுள்ளது. ஆனால் 2005ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் இப்பெயரில் முதல் இடம் திறக்கப்பட்டபோது, அதைத் திறந்தவர் வாடகை வருமானத்தை எதிர்பார்க்கவில்லை. நிறுவன வேலையை விட்டுத் தனியாகத் தொழில் செய்யத் தொடங்குபவருக்கு மாதச் சம்பளத்தோடு சக ஊழியர்களும் இல்லாமல் போகிறார்கள் என்பதே அவர் தீர்க்க முயன்ற சிக்கல்.

இதனால் தொடக்கம் முதலே 'சமூகம்' என்ற சொல் இவ்வியக்கத்தின் நடுவில் இருந்து வருகிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் அச்சொல் நட்பைக் குறித்தது, விளம்பரத்தைக் குறித்தது, ஒரு கட்டத்தில் நிறுவனக் கணக்கு வழக்குக்குள்ளும் புகுந்தது. இடம் முதன்மையா, அங்கு கூடும் மனிதர்கள் முதன்மையா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலகட்டத்திலும் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன.

சொல்லும் பொருளும்

தமிழில் சமூகம் என்ற சொல் பிறப்பால் அமையும் குழுவையும் குறிக்கும், நாட்டு மக்கள் அனைவரையும் குறிக்கும். கூட்டுப் பணியிடங்களைப் பற்றிய பேச்சில் அதன் பொருள் சற்றுக் குறுகியது. தாமாக விரும்பி வந்து சேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்தவர்கள், ஒருவருக்கொருவர் மேலதிகாரியாக இல்லாதவர்கள், வேண்டாமென்றால் விலகிச் செல்லக்கூடியவர்கள் ஆகியோரின் கூட்டமே இங்கு சமூகம் எனப்படுகிறது.

கோவொர்க்கிங் என்ற சொல்லை 1999இல் முன்வைத்தவர் அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் பெர்னார்ட் டி கோவன். கணினியின் துணையோடு மனிதர்கள் சமமானவர்களாகச் சேர்ந்து வேலை செய்யும் முறையை அவர் அச்சொல்லால் குறித்தார். அதில் வாடகைக் கட்டடம் பற்றிய எண்ணம் ஏதும் இல்லை. விளையாட்டில் ஆடுபவர்கள் எப்படிச் சமமான நிலையில் நின்று ஆட்டத்தைத் தாங்களே நடத்துகிறார்களோ, அதுபோல வேலையும் நடக்கலாம் என்பது அவரது பார்வை. பின்னாளில் ஓர் இடவகையின் பெயராக மாறிய பின்னும், மேலதிகாரி இல்லாத சமநிலை என்ற கருத்து அச்சொல்லை விட்டு நீங்கவில்லை.

இதற்கு முன்பே, 1989இல், சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 'மூன்றாம் இடம்' என்ற கருத்தை முன்வைத்திருந்தார். வீடு முதல் இடம், பணியிடம் இரண்டாம் இடம். இவ்விரண்டும் தவிர, அழைப்பின்றி வந்து அமர்ந்து பேசக்கூடிய காபிக்கடை, முடிதிருத்தகம், புத்தகக்கடை போன்றவை மூன்றாம் இடங்கள். நகர வாழ்வில் இவை குறைந்து வருவது மக்களின் உறவுகளைப் பாதிக்கிறது என்று அவர் வாதிட்டார். கூட்டுப் பணியிடத்தை ஆதரித்தவர்கள் பலர் இக்கருத்தை எடுத்தாண்டனர். இரண்டாம் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் ஒரே அறைக்குள் கொண்டுவர முடியும் என்று அவர்கள் நம்பினர்.

முன்னோடிகள்

வெவ்வேறு தொழில் செய்பவர்கள் ஓரிடத்தில் கூடி வேலை பார்ப்பது 21ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் எட்வர்ட் லாய்ட் நடத்திய காபிக்கடை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 1680களில் டவர் தெருவில் இருந்த அக்கடை 1691இல் லொம்பார்ட் தெருவுக்கு இடம்பெயர்ந்தது. கப்பல் தலைவர்களும் வணிகர்களும் அங்கு கூடினர். எந்தக் கப்பல் எங்கே சென்றது, எது திரும்பவில்லை என்ற செய்தி அங்கு உடனுக்குடன் கிடைத்தது. அச்செய்தியை நம்பிக் கப்பல்களுக்குக் காப்பீடு எழுதுபவர்களும் அங்கேயே அமர்ந்தனர். லாய்ட் 1713இல் இறந்த பின்னும் அக்கூட்டம் கலையவில்லை. 1771இல் 79 பேர் தலைக்கு 100 பவுண்டு போட்டுத் தமக்கென ஓர் இடம் தேட முடிவு செய்தனர்; 1774இல் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தனர். இன்றைய லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தை அதன் தொடர்ச்சியாகும். அதன் சீருடைப் பணியாளர்கள் இன்றும் காபிக்கடைக் காலத்துப் பெயரால் 'வெயிட்டர்' என்றே அழைக்கப்படுகிறார்கள். கடைக்காரர் மறைந்து, கடையும் மாறிய பின் அங்கு கூடிய மனிதர்களுக்கு இடையிலான நம்பிக்கையே நிறுவனமாக நிலைத்தது.

இவ்வரலாற்றுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே கூட்டம் அட்லாண்டிக் அடிமை வணிகக் கப்பல்களுக்கும் காப்பீடு எழுதியது. அதற்காக லாய்ட்ஸ் 2020இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஒரு சமூகம் தன் உறுப்பினர்களுக்குள் எவ்வளவு நம்பிக்கையாக நடந்துகொண்டாலும், வெளியில் இருப்பவர்களுக்கு அது நன்மை செய்யும் என்பதற்கு உறுதி இல்லை.

இன்றைய கூட்டுப் பணியிடத்துக்கு மிக நெருக்கமான முன்னோடி 1972இல் லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் உருவானது. கட்டடக் கலைஞர்களான டேவிட் ராக், ஜான் டவுன்செண்ட் ஆகியோர் டிரைடன் தெரு 5ஆம் எண் கட்டடத்தில் பல சிறு வடிவமைப்பு நிறுவனங்களை ஒன்றாகக் குடியமர்த்தினர். வரவேற்பு, கூட்ட அறை போன்றவை பொதுவாக இருந்தன. தனித்தனியாக எவராலும் தாங்க முடியாத செலவை எல்லோரும் பகிர்ந்துகொண்டனர். இத்தகைய அமைப்பை ராக் 'உழைக்கும் சமூகம்' என்ற பெயரால் குறித்தார். பின்னாளில் அவர் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகத்துக்குத் தலைவரானார்.

பெர்லின் நகரில் 1995இல் தொடங்கிய சி-பேஸ் என்ற கணினி ஆர்வலர் கூடம், வியன்னாவில் 2002இல் ஒரு பழைய தொழிற்சாலையில் திறக்கப்பட்ட ஷ்ராவ்பென்ஃபாப்ரிக், லண்டன் இஸ்லிங்டனில் 2005இல் சமூகத் தொழில்முனைவோருக்காகத் தொடங்கப்பட்ட தி ஹப் ஆகியவையும் இவ்வரிசையில் வருகின்றன. தி ஹப் பின்னர் இம்பாக்ட் ஹப் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது.

ஸ்பைரல் மியூஸ், 2005

பிராட் நியூபர்க் சான் பிரான்சிஸ்கோவில் வேலை செய்த ஒரு மென்பொருளாளர். தனியாகத் தொழில் செய்பவருக்கு நேரம் தன் கையில் இருக்கும். ஆனால் பேச ஆள் இருக்காது. நிறுவன ஊழியருக்குப் பேச ஆள் இருக்கும். ஆனால் நேரம் தன் கையில் இருக்காது. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டுமா என்று அவர் கேட்டார். 2005 ஆகஸ்ட் 9ஆம் நாள், மிஷன் பகுதியில் பெண்ணியவாதிகள் சிலர் நடத்திவந்த ஸ்பைரல் மியூஸ் என்ற இல்லத்தில் தம் முயற்சியைத் தொடங்கினார். மாதம் 300 டாலர் கொடுத்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அவ்விடத்தை அவர் பயன்படுத்திக்கொண்டார். மடக்கு மேசைகளைக் காலையில் விரித்துப் போட்டு, மாலையில் மடித்து வைக்க வேண்டியிருந்தது.

மொத்தம் ஐந்து முதல் எட்டுப் பேர் அமரும் வசதியே அங்கு இருந்தது. அன்றாட ஒழுங்கு கவனமாகத் திட்டமிடப்பட்டிருந்தது. கம்பியில்லா இணையம் இலவசம். மதிய உணவைச் சேர்ந்து உண்பது, சற்று நேரம் தியானம், மிதிவண்டியில் ஒரு சுற்று என்று வேலைக்கு நடுவில் இடைவேளைகள் இருந்தன. மாலை 5.45 மணிக்குக் கண்டிப்பாக மூடப்பட்டது. இரவு பகல் பாராமல் உழைப்பதைப் பெருமையாகக் கருதிய மென்பொருள் உலகில், நேரத்துக்கு மூடுவது வழக்கத்துக்கு மாறான விதி.

முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. மேசைகளை விரிப்பதும் மடிப்பதுமாக நாட்கள் கழிந்தன. அதன் பிறகே ஒரு மென்பொருளாளர் வந்து சேர்ந்தார். பின்னர் மெல்ல மெல்ல மற்றவர்கள் வந்தனர். மேசையும் இணையமும் இலவசமாகக் கிடைக்கும் காபிக்கடைகள் நிறைந்த நகரில், வெறும் மேசைக்காக ஒருவர் புதிய இடத்தைத் தேடி வரமாட்டார் என்பதை அந்த முதல் மாதம் காட்டியது. வந்தவர்கள் தொடர்ந்து வந்ததற்கு அங்கிருந்த ஆட்களும் அன்றாட ஒழுங்குமே காரணம். பிற்காலத்தில் ஆகஸ்ட் 9ஆம் நாள் உலகக் கூட்டுப் பணியிட நாளாகக் கொண்டாடப்படலாயிற்று.

பரவிய விதம்

ஸ்பைரல் மியூஸ் முயற்சி ஓராண்டில் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் 2006இல் ஹேட் ஃபேக்டரி என்ற முழுநேரப் பணியிடம் உருவானது. நியூபர்க்குடன் கிறிஸ் மெசினா, தாரா ஹன்ட் ஆகியோரும் இதில் பங்கேற்றனர். அடுத்து மெசினாவும் ஹன்ட்டும் அதே நகரில் சிட்டிசன் ஸ்பேஸ் என்ற இடத்தைத் திறந்தனர். சமூக ஊடகங்களில் இன்று எல்லோரும் பயன்படுத்தும் ஹேஷ்டேக் குறியை 2007இல் முன்மொழிந்தவரும் இதே மெசினாதான்.

இவர்கள் அனைவரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் சூழலில் வளர்ந்தவர்கள். ஆகவே கோவொர்க்கிங் என்ற பெயருக்கு எவரும் உரிமை கொண்டாடவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, தம் ஊரில் நடத்தலாம் என்று விட்டுவிட்டனர். இடம் தேடுவது எப்படி, கட்டணம் எவ்வளவு வைப்பது, சண்டை வந்தால் என்ன செய்வது என்பன போன்ற அனுபவங்கள் எவரும் திருத்தக்கூடிய இணையப் பக்கத்தில் பதிவாயின. சமூகம், திறந்த தன்மை, கூட்டுழைப்பு, நீடித்து நிற்கும் தன்மை, எல்லோரும் அணுகக்கூடிய தன்மை ஆகிய ஐந்தும் இயக்கத்தின் விழுமியங்களாக ஏற்கப்பட்டன. ஓரிடத்தின் உறுப்பினர் வேறு ஊருக்குச் செல்லும்போது அங்குள்ள பணியிடத்தைச் சில நாட்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற 'கோவொர்க்கிங் விசா' ஏற்பாடும் உருவானது.

இதே காலத்தில் நியூயார்க்கில் 'ஜெல்லி' என்ற வழக்கம் தொடங்கியது. 2006இல் அமித் குப்தாவும் அவர் நண்பரும் தங்கள் குடியிருப்புக்கே தெரிந்தவர்களையும் தெரியாதவர்களையும் வேலை செய்ய அழைத்தனர். வாடகையும் இல்லை, உறுப்பினர் கட்டணமும் இல்லை. சோபாவும் இணையமும் மட்டும் இருந்தன. இவ்வழக்கம் பிற நகரங்களுக்கும் பரவியது. கட்டடம் எதுவும் இல்லாமலேயே கூட்டுப் பணி நடக்கலாம் என்பதற்கு இது சான்றாக அமைந்தது.

இண்டி ஹால்: இடத்துக்கு முன் மனிதர்கள்

பிலடெல்பியா நகரின் இண்டி ஹால், இவ்வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இடம். அலெக்ஸ் ஹில்மன், ஜெஃப் டிமாசி ஆகியோர் இதைத் தொடங்கினர். 2007இல் அது திறக்கப்பட்டது. வழக்கமாக ஒருவர் முதலில் இடத்தை வாடகைக்கு எடுப்பார், மேசை போடுவார், பிறகு ஆட்களைத் தேடுவார். இண்டி ஹால் இவ்வரிசையை மாற்றியது. நகரில் தனியாகத் தொழில் செய்பவர்களை அவர்கள் முதலில் தேடிக் கண்டுபிடித்தனர். காபிக்கடைகளில் சேர்ந்து அமர்ந்து வேலை செய்யும் சந்திப்புகளை நடத்தினர். சேர விரும்புபவர்கள் போதுமான அளவு கூடிய பிறகே இடம் பார்த்தனர்.

இதில் கருத்தளவிலான சிறப்பு மட்டுமன்றி நடைமுறைப் பயனும் இருந்தது. இடம் திறந்த முதல் நாளே வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் இருந்தனர். அவர்கள் ஏற்கெனவே அறிமுகமானவர்கள் என்பதால் புதிதாக வருபவரை வரவேற்கும் பொறுப்பு நடத்துநர் ஒருவர்மீது மட்டும் விழவில்லை. ஸ்பைரல் மியூஸில் ஒரு மாதம் காலியாகக் கிடந்த மேசைகளோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

சமூகத்தை நடத்தும் வேலை

பல இடங்களின் அனுபவத்திலிருந்து ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒரே அறையில் அமர்த்திவிட்டால் மட்டும் அறிமுகமற்றவர்கள் நண்பர்களாகிவிடுவதில்லை. காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே ஆண்டுக்கணக்கில் அருகருகே அமர்ந்திருக்கவும் முடியும். ஆகவே ஒருவரை மற்றவருக்கு அறிமுகம் செய்து வைப்பதற்கென்றே ஒருவர் தேவைப்பட்டார். தி ஹப் அவரை 'விருந்தோம்புநர்' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தது. பிற இடங்களில் 'சமூக மேலாளர்' என்ற பதவிப் பெயர் வழங்கியது.

இவரது வேலை வெளிப்பார்வைக்குச் சிறியது. புதிதாக வந்தவரின் பெயரையும் தொழிலையும் நினைவில் வைப்பது, இணையதளம் வடிவமைப்பவரையும் அது தேவைப்படுபவரையும் சந்திக்க வைப்பது, மதிய உணவுக்கு எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைப்பது, தொலைபேசியில் உரக்கப் பேசுபவரிடம் பக்குவமாகச் சொல்வது, பல நாள் வராதவரை விசாரிப்பது ஆகியவை அதில் அடங்கும். இவ்வேலை நின்றுபோனால் சில மாதங்களில் இடம் வெறும் வாடகை அறையாகிவிடும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் இதன் பயனைத் தனியாகக் காட்ட முடியாது. வருமானம் குறையும்போது முதலில் வெட்டப்படும் செலவாகவும் இதுவே அமைகிறது.

ஆய்வுகள்

2010க்குப் பிறகு இவ்விடங்களைப் பற்றிய கல்விப்புல ஆய்வுகள் பெருகின. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பணியிடங்களை ஆராய்ந்த கிளே ஸ்பினுசி 2012இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கூட்டுப் பணியிடம் என்றால் என்ன என்று கேட்டபோது, நடத்துபவர்களும் உறுப்பினர்களும் ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்தனர். அவற்றை அவர் இரு வகையாகப் பிரித்தார். முதல் வகையினர் நல்ல அண்டை வீட்டாரைப் போன்றவர்கள். அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள். புன்னகையும் மரியாதையும் போதும். இரண்டாம் வகையினர் நல்ல பங்காளிகளைப் போன்றவர்கள். வேலையைப் பகிர்வார்கள், வாடிக்கையாளரைப் பரிந்துரைப்பார்கள், சேர்ந்து திட்டங்களை எடுத்து நடத்துவார்கள். சமூகம் என்ற ஒரே சொல்லை இரு சாராரும் பயன்படுத்தினாலும் எதிர்பார்ப்பு வேறாக இருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிரெட்சன் ஸ்பிரைட்சரும் அவருடன் பீட்டர் பேஸ்விஸ், லிண்டன் காரெட் ஆகியோரும் செய்த ஆய்வு 2015இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் வெளியானது. அமெரிக்காவின் பல கூட்டுப் பணியிடங்களில் வேலை செய்தவர்கள் தம் வேலை வாழ்வின் செழிப்பை 7 புள்ளி அளவில் சராசரியாக 6க்கு அருகில் மதிப்பிட்டனர். வழக்கமான அலுவலக ஊழியர்களின் சராசரியைவிட இது குறைந்தது ஒரு புள்ளி அதிகம். தம் வேலை பொருளுள்ளது என்ற எண்ணம், தம் நேரத்தின்மீது தமக்குள்ள கட்டுப்பாடு, ஒரு சமூகத்தின் பகுதி என்ற உணர்வு ஆகிய மூன்றையும் ஆய்வாளர்கள் காரணங்களாகக் கண்டனர். பிடிக்காதவர்கள் விலகிச் சென்றிருப்பார்கள், தங்கியவர்களே கேள்விக்குப் பதில் தந்திருப்பார்கள் என்பதையும் இம்முடிவைப் படிக்கும்போது கருத்தில் கொள்ள வேண்டும்.

இதே மூவரும் 2017இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, சமூக உணர்வை நடத்துநர் மட்டும் உருவாக்கித் தருவதில்லை என்று காட்டியது. உறுப்பினர்கள் அன்றாடப் பழக்கத்தின் வழியே அதைச் சேர்ந்து கட்டுகிறார்கள். அதோடு, எவ்வளவு பழகுவது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்ய முடிவதும் முக்கியம். கட்டாயக் கொண்டாட்டங்கள் நிறைந்த நிறுவன அலுவலகத்திலிருந்து கூட்டுப் பணியிடம் வேறுபடுவது இங்குதான்.

மாறுபட்ட குரல்களும் எழுந்தன. சமூகவியலாளர் அலெசாண்ட்ரோ காந்தினி 2015இல் இவ்விடங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, கூட்டுப் பணியிடம் பற்றிய மிகையான நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தினார். நிலையான வேலை, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவை இல்லாத உழைப்பாளர்கள் பெருகியதன் விளைவாகவும் இவ்விடங்களைப் பார்க்க வேண்டும் என்பது இத்தகைய விமரிசனத்தின் சாரம். நண்பர்கள் கிடைப்பது நல்லதே. ஆனால் நோயுற்ற மாதத்தில் வருமானம் நின்றுபோவதை நட்பால் மட்டும் ஈடு செய்ய முடியாது.

வணிகமயமும் வீவொர்க்கும்

அலுவலக இடத்தைச் சிறு துண்டுகளாக வாடகைக்கு விடும் தொழில் கூட்டுப் பணியிட இயக்கத்துக்கு முன்பே இருந்தது. பிரிட்டிஷ் தொழில்முனைவோர் மார்க் டிக்சன் 1989இல் பிரசெல்ஸ் நகரில் தொடங்கிய ரீகஸ் நிறுவனம் அதில் பெயர்பெற்றது. நீண்ட காலக் குத்தகைக்குக் கட்டடம் எடுத்து, குறுகிய கால வாடகைக்கு விடுவது அதன் முறை. இணைய நிறுவனங்களின் சரிவுக்குப் பின் வாடகைதாரர்கள் குறைந்தனர். குத்தகைச் சுமை குறையவில்லை. 2003 ஜனவரியில் அதன் அமெரிக்கக் கிளை திவால் பாதுகாப்புக் கோரியது. பின்னர் நிறுவனம் மீண்டது. ரீகஸ் தன்னைச் சமூகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அறை, தொலைபேசி, வரவேற்பாளர் ஆகியவற்றையே விற்றது.

2010இல் நியூயார்க்கில் ஆடம் நியூமன், மிகுவேல் மெக்கெல்வி ஆகியோர் தொடங்கிய வீவொர்க் இதே குத்தகை முறையையும் கூட்டுப் பணியிட இயக்கத்தின் சொற்களையும் இணைத்தது. நியூமன் இஸ்ரேலில் சில ஆண்டுகள் கிப்புட்ஸ் எனப்படும் கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில் வளர்ந்தவர். தம் நிறுவனத்தை முதலாளித்துவ கிப்புட்ஸ் என்ற பொருளில் அவர் விளக்குவதுண்டு. உறுப்பினர், சமூக மேலாளர் போன்ற சொற்கள் நிறுவனத்தின் அன்றாட மொழியாயின. 2018இல் கடன் பத்திரம் வெளியிட்டபோது, 'சமூகத்துக்கு ஏற்பத் திருத்திய' இலாபம் என்ற பொருளில் ஒரு புதிய அளவீட்டை நிறுவனம் காட்டியது. வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றோடு விளம்பரம், நிர்வாகம் போன்ற செலவுகளையும் கழிக்காமல் விட்டுவிட்டுக் கணக்கிட்ட தொகை அது. நிதி உலகில் அந்த அளவீடு கேலிக்கு உள்ளானது.

2019 ஜனவரியில் வீவொர்க்கின் மதிப்பு 4,700 கோடி டாலர் என்று கணிக்கப்பட்டது. ஆகஸ்டில் பங்கு வெளியீட்டுக்கான ஆவணம் வெளிவந்ததும் நிலைமை மாறியது. 2018ஆம் ஆண்டின் வருவாய் சுமார் 180 கோடி டாலர். இழப்போ சுமார் 190 கோடி டாலர். அமெரிக்கக் குத்தகைகளின் சராசரிக் காலம் ஏறக்குறைய 15 ஆண்டு. உறுப்பினர்களில் பலர் மாதக் கணக்கில் விலகக்கூடியவர்கள். எதிர்காலக் குத்தகைக் கடப்பாடுகளும் சுமார் 4,700 கோடி டாலராக இருந்தன. செப்டம்பரில் நியூமன் பதவி விலகினார். பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. 2021 அக்டோபரில் சுமார் 900 கோடி டாலர் மதிப்பில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023 நவம்பர் 6 அன்று திவால் பாதுகாப்புக் கோரியது; குத்தகைகளைக் குறைத்துக்கொண்டு 2024இல் அதிலிருந்து வெளிவந்தது.

வீவொர்க்கின் கட்டடங்களில் உண்மையான நட்புகளும் தொழில் உறவுகளும் உருவாகவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நிறுவனத்தின் வளர்ச்சி புதிய கட்டடங்களை எடுக்கும் வேகத்தைச் சார்ந்திருந்தது. மனிதர்கள் பழகுவதற்கு வேண்டிய காலத்தை அந்த வேகம் தரவில்லை. 2003இல் ரீகஸ் சந்தித்த அதே குத்தகைச் சிக்கலைச் சமூகம் என்ற சொல் மறைக்க முடிந்ததே தவிர, தீர்க்க முடியவில்லை.

யாருக்கான சமூகம்?

தொழில்நுட்பத் துறையில் தோன்றிய இவ்விடங்களில் தாம் அன்னியமாக உணர்வதாகப் பெண்கள் பலர் கூறிவந்தனர். 2016இல் நியூயார்க்கில் ஆட்ரி கெல்மன், லாரன் கசன் ஆகியோர் பெண்களுக்காகத் தி விங் என்ற பணியிடத்தைத் தொடங்கினர். அது விரைவில் பல நகரங்களுக்குப் பரவியது. ஆனால் கட்டணம் செலுத்திய உறுப்பினர்களுக்குக் கிடைத்த மதிப்பு, அங்கு துப்புரவு, சமையல், வரவேற்பு வேலைகளைச் செய்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்று ஊழியர்கள் குற்றஞ்சாட்டினர். 2020 ஜூனில் கெல்மன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2022இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. ஓரிடத்தின் சமூகத்தில் அவ்விடத்தைத் துடைத்து வைப்பவரும் அடங்குவாரா என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச் முதல் உலகெங்கும் கூட்டுப் பணியிடங்கள் மூடப்பட்டன. அருகருகே அமர்வதையே அடிப்படையாகக் கொண்ட தொழிலுக்கு இது பெரிய அடி. பல சிறு இடங்கள் மீண்டும் திறக்கவில்லை. இண்டி ஹால் தன் வாடகை இடத்தை விட்டு வெளியேறி, உறுப்பினர்களின் உறவை இணைய வழியில் தொடர்ந்தது. கட்டடம் கிடைக்கும் முன்பே உருவான அந்தக் கூட்டம் கட்டடம் போன பின்னும் கலையாமல் இருந்தது.

மறுபுறம், வீட்டிலிருந்து வேலை செய்வது பரவலானதால், முன்பு தனித்தொழில் செய்பவர்கள் மட்டும் அறிந்திருந்த தனிமையை நிறுவன ஊழியர்களும் அறிந்தனர். தொற்று தணிந்த பின் வீட்டுக்கு அருகிலேயே ஓர் இடம் தேடியவர்களில் இவர்களும் இருந்தனர்.

இந்தியாவில்

இந்தியாவில் இத்தொழில் 2010களில் வேகம் பெற்றது. 2015இல் தொடங்கிய ஆஃபிஸ் ஸ்பேஸ் சொல்யூஷன்ஸ் 2024 மே மாதம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. வீவொர்க் 2017இல் பெங்களூரில் எம்பசி குழுமத்தோடு இணைந்து நுழைந்தது. இந்திய நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு எம்பசியிடம் இருந்ததால் அமெரிக்கத் திவால் நடவடிக்கை அதைப் பாதிக்கவில்லை. சென்னையில் கிண்டியிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும், கோவையில் அவிநாசி சாலையிலும் இத்தகைய இடங்களைக் காணலாம்.

இந்தியாவின் பெரிய நடத்துநர்கள் இன்று பெருநிறுவனங்களுக்கு மொத்தமாக இருக்கைகளை வாடகைக்கு விடுவதிலேயே அதிக வருமானம் காண்கிறார்கள். ஒரு தளம் முழுவதையும் ஒரே நிறுவனம் எடுத்துக்கொண்டால், அங்கு அமர்பவர்கள் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் சக ஊழியர்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு சமூகம் தேவைப்படுவதில்லை. தனியாக மொழிபெயர்ப்போ வடிவமைப்போ கணக்குப் பணியோ செய்பவருக்குத்தான் அது தேவை. அவரது ஒரு மேசைக் கட்டணத்தை நம்பி ஓர் இடத்தை நடத்துவது கடினம். சமூகம் யாருக்கு மிகவும் தேவையோ அவரிடம் பணம் குறைவு என்பதே இத்தொழிலின் தீராத முரண்.

மதிப்பீடு

கூட்டுப் பணியிடங்களின் வரலாறு சில தெளிவான முடிவுகளைத் தருகிறது. மேசையும் இணையமும் இருந்தால் சமூகம் தானாக உருவாகும் என்பதற்குச் சான்று இல்லை. வேளைக்கு உண்பது, நேரத்துக்கு மூடுவது, புதியவரை அறிமுகம் செய்வது போன்ற சிறிய, திரும்பத் திரும்பச் செய்யப்படும் பழக்கங்களே அதை உருவாக்கின. அதைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. நல்ல அண்டை வீட்டாராக மட்டும் இருக்க விரும்புபவருக்கும் இடம் இருக்க வேண்டும். சமூக உணர்வு வேலை வாழ்வை மேம்படுத்துகிறது. ஆனால் கூடுதல் குத்தகைச் சுமையையோ உழைப்பாளரின் பாதுகாப்பின்மையையோ அது போக்குவதில்லை.

புதிதாக ஓர் இடத்தைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கட்டடத்தில் இருந்தே தொடங்குகிறார்கள். லாய்ட் காபிக்கடையும் இண்டி ஹாலும் கட்டடம் மாறிய போதும் இல்லாமல் போன போதும் நிலைத்தன. ஸ்பைரல் மியூஸ் ஓராண்டே நடந்தாலும், மடக்கு மேசைகளோடு அங்கு தொடங்கிய வழக்கம் உலகெங்கும் பரவியது.